அண்ணன் மலைமேல், தங்கை ஊருக்குள்

திருப்பதி என்றதும் நம்மவர் நினைவில் வருவன மலையும், மொட்டையும், லட்டும்தான். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நேரே அலிபிரி. தரிசனம் முடிந்தால் அடுத்த வண்டிக்கு ஸ்டேஷன். திருப்பதி நகரத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. இங்கே பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் தமிழரிலும் அநேகர் கோவிந்தராஜர் சன்னிதியோடு நின்றுவிடுகிறார்கள்.

மலையின் விழாக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலையும், சென்னையிலிருந்து திருக்குடைகளும் வந்து சேருவதை யாவரும் அறிவர். மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டின் தலைமைக் கோவிலில் முப்பது நாள் விடியலும் தமிழில்தான் புலர்கிறது என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். கார்த்திகை மாத உற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று திருச்சானூர் குளத்தில் நீராட லட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். சித்தூருக்கு அருகே காணிப்பாக்கத்தில் விநாயக சதுர்த்தியில் தொடங்கும் உற்சவம் 21 நாட்கள் நீடிக்கும். கிணற்றில் எழுந்தருளிய அந்தப் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பதும், பழைய வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் போதவில்லை என்பதும் பக்தர்களின் நம்பிக்கை.

ஆனால் திருப்பதி ஊர்க்காரர் தம் சொந்தத் திருவிழா என்று கொண்டாடுவது இவற்றில் ஒன்றையும் அல்ல. அது தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரை.

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் வேளையில், மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஊரில் ‘சாட்டிம்பு’ போடுகிறார்கள். நம்மூர் மாரியம்மன் விழாவில் காப்புக் கட்டுவது போன்றதே இது. சாட்டியபின் ஊர்க்காரர் எல்லை தாண்டி வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. பழைய குடும்பங்கள் இன்றும் இதைக் கடைப்பிடிக்கின்றன. அந்த ஒரு வாரம் வெளியூர்க் கல்யாணத்துக்கு அழைத்தாலும் வரமாட்டார்கள்.

மறுநாளிலிருந்து வேஷங்கள். புதன் பைராகி வேஷம். உடலெங்கும் வெள்ளை மண் பூச்சு. வியாழன் பண்ட வேஷம், குங்குமச் சிவப்பு. வெள்ளி தோட்டி வேஷம், கரிப்பூச்சு. சனி தொர வேஷம், சந்தனப் பூச்சு. ஞாயிறு மாதங்கி. திங்கள் சுண்ணாம்புப் புள்ளி வைத்த பானைகளைத் தலையில் சுமந்து வருதல். செவ்வாயன்று ஜாத்திரை.

இத்தனை வேஷம் எதற்கு? இந்தப் பகுதியை ஒரு பாளையக்காரன் ஆண்டானாம். அழகான பெண் எவள் கண்ணில் பட்டாலும் அவளைச் சீரழிப்பது அவன் வழக்கம். புதிதாக மணமான பெண்கள் முதலில் தன்னிடம் வர வேண்டும் என்றும் கட்டளையிட்டான். திருப்பதியை அடுத்த அவிலாலாவில் பிறந்த கங்கம்மாவிடமும் அவன் கை நீட்டினான். அவள் சுயரூபம் காட்டவே, ஓடி ஒளிந்துகொண்டான். நாளுக்கொரு வேஷம் பூண்டு அவனைத் தேடினாள் அவள். வீதியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசியும் பார்த்தாள்; அவன் வெளிவரவில்லை. கடைசியில் ‘தொர’வாக, அதாவது துரையாக வந்தபோது, தன்னைப் போன்ற ஒரு பிரபு என்று நம்பி வெளியே வந்தான். அவன் தலை உருண்டது. மறுநாள் மாதங்கி வேஷத்தில் அவனுடைய மனைவியிடமே சென்று ஆறுதல் சொன்னாளாம். அசுரனைக் கொன்ற கதைகள் நம்மிடம் ஏராளம். கொன்றபின் அவன் விதவைக்கு ஆறுதல் சொல்லப் போன அம்மன் வேறு உண்டோ?

இந்த முக்கிய வேஷங்களைக் கட்டும் உரிமை கைகாலக் குடும்பத்தாருடையது. தமிழ்நாட்டில் கைக்கோளர் எனப்படும் நெசவாளர் சமூகத்தாரே இவர்கள். மற்ற ஊராரும் வேண்டுதல் வைத்து அவரவர் வேஷம் கட்டுகின்றனர். குறிப்பாக ஆண்கள் புடவை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, நகை பூட்டி, பூச்சூடி வருகின்றனர். கடைக்காரர், மாணவர், அலுவலகத்தில் பேனா பிடிப்பவர், எல்லோரும் அதில் உண்டு. தாய்மார் தங்கள் சிறு பையன்களுக்கும் பாவாடை கட்டி இடுப்பில் தூக்கி வருகிறார்கள். குலசேகரப்பட்டினம் தசராவைக் கண்ட நம் தென்மாவட்டத்தாருக்கு இது புதுமையாக இராது.

வெளியூர்க்காரர் சிலர் இவர்களைப் பார்த்துக் கேலி செய்வதும், சீட்டி அடிப்பதும், கேட்காமலே முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் படம் எடுப்பதும் உண்டு. அது தகாது. புடவை கட்டி நிற்பவர் கூத்துக்கு வந்தவரல்ல. பிள்ளை பிழைத்ததற்கோ, வியாதி தீர்ந்ததற்கோ நேர்ந்துகொண்டதைச் செலுத்த வந்தவர். வேஷக்காரர் வாயிலிருந்து வரும் வசவும் அப்படியே. பாளையக்காரனை வெளியே இழுக்க அம்மன் ஏசிய ஏச்சு அது. காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வதில் பொருளில்லை.

2024 டிசம்பரில் வெளிவந்த ‘புஷ்பா’ இரண்டாம் பாகத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடியபின் இந்த ஜாத்திரையின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. அதற்கு வெகு முன்பே அமெரிக்கப் பேராசிரியை ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இங்கு வந்து ஆராய்ந்து, 2013-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதி வெளியிட்டுவிட்டார். சென்னையிலிருந்து நாலு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கங்கம்மா வேங்கடவனின் தங்கை என்பது ஊர் வழக்கு. ஆகவே ஜாத்திரையின்போது அண்ணன் வீட்டுச் சீராகத் திருமலைக் கோவிலிலிருந்து பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம் மேளதாளத்துடன் வருகின்றன. அண்ணனுக்கு நெய் மணக்கும் பிரசாதம். தங்கைக்குப் பொங்கலும் கேழ்வரகுக் கூழும். கோழியும் ஆடும் அறுப்போரும் உண்டு. அண்ணனிடம் மணிக்கணக்கில் காத்திருந்து நொடிப்பொழுது தரிசனம். தங்கையோ நம் தெருவுக்கே வருகிறாள்.

செவ்வாய் இரவு கோவில் முன் அம்மனின் பெரிய விசுவரூபத்தைக் களிமண்ணால் அமைக்கிறார்கள். புதன் விடியுமுன் அதன் கன்னத்தைப் பேர்த்துக் கலைத்துவிடுவார்கள். அந்த மண்ணில் ஒரு பிடி கிடைக்க ஜனங்கள் முட்டி மோதுகிறார்கள். நோய் தீர்க்கும் என்று வீட்டில் பத்திரப்படுத்துவதும் உண்டு. இந்த நெரிசலில் குழந்தைகளைக் கொண்டுசெல்லாமல் இருப்பது நல்லது.

சித்தூர்ப் பக்கம் வேலையில் இருப்போர் கோடையில் கிராமங்களின் தர்மராஜா கோவில்களையும் விசாரித்து வைத்துக்கொள்ளலாம். பகலில் பாரத ஹரிகதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளில் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையுடன் மரத்தடியில் காத்திருப்பார்கள். கடைசி நாளில் திறந்தவெளியில் மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனனின் தொடையைப் பீமன் பிளக்கிறான். பேச்சு தெலுங்கில் இருந்தாலும், வட ஆர்க்காட்டுக்காரருக்குக் கதை புரிய மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஜாத்திரைக்கு உறவினரை அழைப்போர் கவனிக்க: மே மாதம் பள்ளி விடுமுறைக் காலமாதலால் திருப்பதியில் அறை கிடைப்பது கஷ்டம். சென்னையிலிருந்து வருவோருக்கு அரக்கோணம், ரேணிகுண்டா வழி. வேலூர்ப் பக்கத்தாருக்குக் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழி. ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு என்பவர்கள் மாதங்கி வேஷத்தைப் பார்க்கலாம். இரண்டு நாள் லீவு கிடைப்பவர்கள் செவ்வாய் பகலிலேயே வந்துவிட வேண்டும். விசுவரூபத்தைப் புதன் காலை வண்டியில் வந்து பார்க்க முடியாது.