ஒரு திறன்பேசியின் விலையில் யார் யாருக்குப் பங்கு?

தில்லி கரோல்பாகில் உள்ள கஃபார் சந்தைக்குள் முதன்முறையாக நுழைபவர், திறன்பேசிக்கு நிலையான விலை என்று ஒன்று உண்டா என ஐயம் கொள்வார். எல்லை காந்தியின் பெயரைத் தாங்கிய அச்சந்தையின் குறுகிய நடைவழிகளில் புதிய கருவி, கைமாறிய கருவி, பழுது நீக்கிய கருவி, உதிரித் திரை, பேட்டரி என யாவும் அடுத்தடுத்த மேசைகளில் கிடக்கும். ஒரே அளவுத் திரை கொண்ட இரு கருவிகளில் ஒன்று பத்தாயிரம் ரூபாய் என்பார்கள். பக்கத்திலிருப்பது எண்பதாயிரம் என்பார்கள். கரோல்பாக் தில்லித் தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் பகுதி. ஊரிலிருந்து வந்த உறவினர் இச்சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இரண்டிலும் பேசத்தானே முடியும், இதற்கு ஏன் இவ்வளவு விலை?"

எளிய கேள்விதான். ஆயினும் இதே கேள்வியைச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தில்லி உயர் நீதிமன்றம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறது. ஒரு கருவியின் விலையில் அதை விற்பவருக்கு எவ்வளவு, அதற்குள் இயங்கும் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்தவருக்கு எவ்வளவு என்பதே அங்கு நடந்த வழக்குகளின் சாரம்.

அவ்வழக்குகளுள் ஒன்றில் எதிர்வாதியாக நின்றது குருகிராமைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோமேக்ஸ். 2000-ஆம் ஆண்டில் மென்பொருள் நிறுவனமாகத் தொடங்கி, 2008-இல் கைபேசி விற்பனைக்கு வந்த நிறுவனம் அது. அதன் முதல் வெற்றிக் கருவியின் சிறப்பு மிகவும் எளியது: ஒருமுறை மின்னேற்றினால் பயன்பாடின்றி முப்பது நாள்வரை தாங்கும் என்று சொல்லப்பட்ட பேட்டரி. மின்சாரம் ஒழுங்காக வராத சிற்றூர்களில் கைபேசி வைத்திருப்போரின் முதன்மையான தொல்லை எது என்பதை அப்போதைய உலகப் பெருநிறுவனங்கள் கவனிக்கவில்லை, இவர்கள் கவனித்தார்கள். இரண்டு சிம் அட்டைகளைப் பொருத்தும் கருவிகளையும் இதே கண்கொண்டு பார்த்துப் பரவலாக விற்றார்கள். 2012-இன் இறுதியில் ஐந்து அங்குலத் திரையுடன் வந்த 'கேன்வாஸ் 2' ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. அதே அளவுத் திரைக்குப் பெரிய நிறுவனங்கள் அதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டில் ஹாலிவுட் நடிகர் ஹியூ ஜாக்மன் அந்நிறுவனத்தின் விளம்பரத் தூதரானார். 2014-இன் கடைசிக் காலாண்டில் இந்தியத் திறன்பேசிச் சந்தையில் சாம்சங்கை முந்தி மைக்ரோமேக்ஸ் முதலிடம் பெற்றதாக கேனலிஸ் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது: 22 விழுக்காட்டுக்கு எதிராக 20.

இதைப் புதுமை அன்று என்று ஒதுக்குவோர் உண்டு. அது நியாயமன்று. வாங்குபவரின் தேவையைப் பிறருக்கு முன் கண்டறிவதும் புதுமையே. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. கண்டறிந்த தேவைக்கு எவரும் காப்புரிமை பெற முடியாது. முப்பது நாள் தாங்கும் பேட்டரி விற்கிறது என்று தெரிந்த அடுத்த மாதமே இன்னொருவர் அதைக் கொண்டுவரலாம். அன்றைய இந்திய நிறுவனங்கள் பெரும்பாலானவை சீனத்தில் வடிவமைத்துத் தயாரித்த கருவிகளைத் தேர்ந்தெடுத்து, தம் பெயரைப் பொறித்து விற்றன. அதே தொழிற்கூடங்களின் கதவு போட்டியாளர்களுக்கும் திறந்தே இருந்தது.

இரண்டாம் வகைப் புதுமையின் கணக்கு வேறு. குரல் அலைவழியே செல்லும்போது அதை எவ்வாறு சுருக்கி அனுப்புவது, ஓடும் வண்டியில் பேசுபவரின் இணைப்பை ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு எவ்வாறு அறுபடாமல் மாற்றுவது போன்றவற்றுக்குப் பல்லாண்டு ஆராய்ச்சி தேவைப்படுகிறது. அவ்வாறு கண்டுபிடித்தவை உலகப் பொதுத் தரத்தில் இடம்பெற்றுவிட்டால், 2ஜி, 3ஜி, 4ஜி கருவி செய்யும் எவரும் அவற்றைத் தவிர்க்கவே முடியாது. 'தரத்துக்கு இன்றியமையாத காப்புரிமை' என்று இதனைக் குறிப்பிடுவர். தவிர்க்க இயலாத பொருளை வைத்திருப்பவர் விருப்பம்போல் விலை கேட்டால் தொழிலே நடவாது. ஆகவே நியாயமான, பொருத்தமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் உரிமம் தருவதாக அவர் முன்கூட்டியே உறுதியளிக்க வேண்டும்.

எது நியாயம் என்பதில்தான் சண்டை. சுவீடனின் எரிக்சன் நிறுவனம் 2013 மார்ச்சில் மைக்ரோமேக்ஸ் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எட்டுக் காப்புரிமைகளை அது முன்வைத்தது. மைக்ரோமேக்ஸ் இந்தியப் போட்டி ஆணையத்தை அணுகியது. அவ்வாண்டு நவம்பரில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. இரு தரப்புக்கும் இடையிலான மையக் கேள்வியை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 10,000 ரூபாய்க் கருவி ஒன்று. அதனுள் அலைவரிசைப் பணியைச் செய்யும் சில்லின் விலை 1,000 ரூபாய் என்று கொள்வோம். உரிமத் தொகை ஒரு விழுக்காடு என்றால், கருவியின் விலையில் கணக்கிட்டால் 100 ரூபாய். சில்லின் விலையில் கணக்கிட்டால் 10 ரூபாய். கருவியின் விலை 50,000 ஆனால், முதல் முறையில் அதே காப்புரிமைக்கு 500 ரூபாய்.

தயாரிப்பாளர் கேட்கிறார்: "நான் நல்ல திரையும் நல்ல கேமராவும் பொருத்தியதால் விலை கூடியது. அதில் உமக்கு ஏன் பங்கு?" காப்புரிமையாளர் திருப்பிக் கேட்கிறார்: "என் தொழில்நுட்பத்தை எடுத்துவிட்டால் உம் கையில் இருப்பது வெறும் கேமராதானே; அதை யார் அந்த விலைக்கு வாங்குவார்?" இரண்டுமே செவிசாய்க்கத் தக்கவை. என் மனம் சற்றே தயாரிப்பாளர் பக்கம் சாய்கிறது. ஆனால் தில்லி உயர் நீதிமன்றத்தின் போக்கு மறுபக்கம் அமைந்தது. மைக்ரோமேக்ஸ் வழக்கின் இடைக்கால ஏற்பாட்டிலேயே தொகை கருவியின் விற்பனை விலையை ஒட்டி, ஏறத்தாழ ஒரு விழுக்காட்டளவில் நிர்ணயிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் ஷாவ்மி மீதும் இத்தகைய தடை வந்தது. குவால்காம் சில்லுகள் பொருத்திய கருவிகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் நீதிமன்றத்தில் செலுத்தி விற்கலாம் என்று அனுமதி கிடைத்தது. காப்புரிமையாளர் உரிமம் தரும் முறையைப் போட்டி ஆணையம் விசாரிக்க இயலாது, காப்புரிமைச் சட்டமே இதில் முதன்மையானது என்று 2023 ஜூலையில் அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் நொய்டாவின் லாவா நிறுவனம் எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பும் வந்தது. எட்டுக் காப்புரிமைகளுள் ஒன்று செல்லாது, ஏழு செல்லும் என்று அதில் முடிவாயிற்று.

ஆயினும் மைக்ரோமேக்ஸை வீழ்த்தியது நீதிமன்றம் அன்று. 2014 ஜூலையில் ஃபிளிப்கார்ட் வழியாக மட்டுமே விற்கும் ஏற்பாட்டுடன் ஷாவ்மி இந்தியாவுக்கு வந்தது. மொத்த வணிகர், வட்டார முகவர், சில்லறைக் கடைக்காரர் ஆகிய மூவரின் கழிவும் மிச்சமாயிற்று. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அதில் குரலழைப்பும் 4ஜி வழியாகவே செல்லும். இந்திய நிறுவனங்களின் கிடங்குகளிலோ 3ஜி கருவிகள் குவிந்திருந்தன. இரண்டு மாதங்களில் பணமதிப்பு நீக்கம் வந்தது. ரொக்கத்தில் நடந்த சிற்றூர்க் கடை வணிகம்தான் இந்நிறுவனங்களின் உயிர்நாடி. அது சில வாரங்கள் ஏறக்குறைய நின்றே போயிற்று. 2017 ஜனவரியில் ஷாவ்மியின் ரெட்மி நோட் 4 ஒன்று குறைய பத்தாயிரம் ரூபாய்க்கு வந்தபோது, முன்பு சாம்சங்குக்கு மைக்ரோமேக்ஸ் செய்ததை மைக்ரோமேக்ஸுக்கு இன்னொருவர் செய்துவிட்டார். அவ்வாண்டின் இறுதியில் ஷாவ்மி முதலிடம் பெற்றது. 2020 நவம்பரில் 'இன்' என்ற பெயரில் மைக்ரோமேக்ஸ் மீண்டும் கருவிகளை வெளியிட்டது. பழைய இடம் திரும்பவில்லை.

இடையே 2016 பிப்ரவரியில் தில்லியில் அறிமுகமான ஒரு கருவியையும் சொல்லியாக வேண்டும். நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் 'ஃபிரீடம் 251' என்ற திறன்பேசியை 251 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தது. முன்பதிவு நாளில் கூட்டம் தாங்காமல் அதன் இணையதளம் முடங்கியது. செய்தியாளர்களிடம் காட்டிய மாதிரிக் கருவியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை வண்ணம் பூசி மறைக்கப்பட்டிருந்தது. இத்தகைய கருவி 3,500 ரூபாய்க்குக் கீழே வர வழியில்லை என்று தொழில்துறைச் சங்கம் அப்போதே சொல்லிற்று. உதிரிப் பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்திருந்தால் எவரும் சொல்லியிருக்கலாம்.

அடக்க விலையைக் கூட்டிப் பார்க்கும் அதே முறை மறுமுனையில் பயன்படாது. 2023 ஏப்ரல் 20 அன்று தில்லி சாகேத்தில் ஆப்பிள் தன் கடையைத் திறந்தது. உலகில் விற்கும் ஐந்து திறன்பேசிகளுள் ஏறத்தாழ ஒன்றே ஆப்பிளுடையது. ஆனால் இத்தொழிலின் லாபத்தில் பாதிக்கு மேல் அந்நிறுவனத்துக்கே செல்கிறது. தன் சில்லைத் தானே வடிவமைப்பதும், இயங்குதளத்தைப் பிறருக்குத் தராததும், செயலிக் கடையில் தரகு பெறுவதும் சேர்ந்து விலையைத் தானே முடிவுசெய்யும் வலிமையை அதற்குத் தருகின்றன. ஷாவ்மி எதிர்வழியில் சென்றது. வன்பொருளில் நிகர லாபம் ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது என்று 2018-இல் அறிவித்தது. எஞ்சிய வருவாயை விளம்பரத்திலும் சேவைகளிலும் ஈட்டியது. மலிவான கருவியில் கோப்புகளைத் திறக்கும்போதுகூட விளம்பரம் எட்டிப்பார்ப்பது ஏன் என்று வியந்தவர்களுக்கு விடை இதுவே. பெட்டியில் அச்சிட்ட விலையில் ஒரு பகுதியைத்தான் அவர்கள் கடையில் கொடுத்தார்கள்.

வங்கி வாடிக்கையாளருக்கு இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கருவியின் விலையில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான ஆண்டுகளும் அடங்கும். 12,000 ரூபாய்க் கருவிக்கு இரண்டு ஆண்டுகளே புதுப்பிப்பு வருமென்றால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 30,000 ரூபாய்க் கருவிக்கு ஆறாண்டு வருமென்றால் ஆண்டுக்கு 5,000. பிக்செல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு ஆண்டுகள் தருவதாக கூகுளும் சாம்சங்கும் அறிவித்துள்ளன. புதுப்பிப்பு நின்ற கருவியில் பணப் பரிமாற்றச் செயலிகளை வைத்திருப்பது ஆபத்து. சில காலம் கழித்துச் செயலிகளே அக்கருவியில் இயங்க மறுக்கும்.

விலையைப் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் மாதத் தவணையில் முடிகிறது. 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகை எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. இப்போதைய நடைமுறையில் விற்பவரோ தயாரிப்பாளரோ வட்டிக்கு ஈடான தொகையைத் தள்ளுபடியாகத் தருகிறார். வங்கி வழக்கம்போல் வட்டி விதிக்கிறது. 30,000 ரூபாய்க் கருவியை 15 விழுக்காடு ஆண்டு வட்டியில் ஆறு தவணைகளில் வாங்குவதாகக் கொள்வோம். கடையின் தள்ளுபடி ஏறத்தாழ 1,270 ரூபாய். கடன் 28,730 ரூபாய். மாதம் 5,000 வீதம் மொத்தம் 30,000. கணக்கு நேராகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் கடன் அட்டை வழியான தவணையில் அந்த 1,270 ரூபாய் வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். அது 229 ரூபாய். சில வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் அதற்கு வரியும் தனி.

இன்னொரு தொகை பட்டியலில் வரவே வராது. முழுத் தொகையையும் ஒரே முறை செலுத்துபவருக்கு அதே கடை 2,000 ரூபாய் உடனடித் தள்ளுபடி தந்தால், தவணையைத் தேர்ந்தவருக்கு அந்த 2,000 கிடைக்காமற்போகும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் தவணையின்றி என்ன விலை என்று கேட்டு, அதைத் தாளில் குறித்துக்கொண்ட பின் தவணைத் தொகையைக் கேட்பது நல்லது. அட்டையின் கடன் வரம்பிலிருந்து முழுத் தொகையும் முதல் நாளே கழிக்கப்படும். ஒவ்வொரு தவணை செலுத்தும்போதும் சிறிது சிறிதாகத் திரும்பும். அடுத்த இரு மாதங்களில் மருத்துவம், பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கு அதே அட்டையை நம்பியிருப்பவர், கருவியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எஞ்சிய வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.