நாட்டு விதையும் உழவர் உரிமையும்

குடச்சி, உடுப்பி, மாளப்பூர் என்று ஊர்ப்பெயரோடு வழங்கும் கத்திரி ரகங்கள், கர்நாடக உழவர்கள் தலைமுறைகளாகப் பொறுக்கியெடுத்துக் காத்தவை. இவற்றில் பூச்சியை எதிர்க்கும் பி.டி. மரபணுவைச் சேர்க்கச் சட்டப்படி பெற வேண்டிய அனுமதி பெறப்படவில்லை என்று பெங்களூருவின் ‘என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப்’ அமைப்பு 2010 பிப்ரவரியில் கர்நாடகப் பல்லுயிர் வாரியத்திடம் புகார் கொடுத்தது. புகாரில் மஹிகோ விதை நிறுவனமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் இடம்பெற்றன. சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் 2011-இல் சட்ட நடவடிக்கைக்கு முடிவு செய்தது.

ஆபத்து எங்கே?

ஆய்வகத்தில் கடைசியாகச் செய்த மாற்றத்துக்கு உரிமை கோரப்படுகிறது. அதற்கு அடித்தளமான உழவரின் உழைப்பு கணக்கில் வருவதில்லை. 2019-இல் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர்கள் நால்வரிடம் தலா 1.05 கோடி ரூபாய் கேட்டு பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றது. பெங்களூருவில் வாழும் உழவர் உரிமைச் செயற்பாட்டாளர் கவிதா குருகந்தியின் மனுவால் 2021-இல் அந்த ரகத்தின் பதிவு ரத்தானது. 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் பதிவை மீட்டுக் கொடுத்தது. ஆனாலும் உழவருக்குச் சட்டம் தந்த உரிமை அப்படியே இருக்கிறது.

உங்கள் உரிமைகள்

தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001-இன் 39-ஆம் பிரிவுப்படி, பதிவான ரகமே ஆனாலும் உழவர் விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். பிராண்டு பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை. பதிவான ரகத்துக்குச் சொன்ன விளைச்சல் வராவிட்டால் இழப்பீடு கோரலாம். தாங்கள் காத்த ரகத்தை உழவர்கள் தங்கள் பெயரிலேயே பதியலாம். கட்டணம் கிடையாது.

பல்லுயிர்ச் சட்டம் 2002, உள்ளூர் வளத்தால் வரும் பயனில் ஊருக்கும் பங்கு தரச் சொல்கிறது. மீறினால் முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் 1 லட்சம் தொடங்கி 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது மாறிவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு இது பெரிய தொகை அல்ல. ஆகவே ஊர் மக்களின் கண்காணிப்புதான் உண்மையான காவல்.

என்ன செய்யலாம்?

* ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அணுகி, உங்கள் விதைகளையும் மூலிகை அறிவையும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.
* விதை கேட்டு வருபவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். கொடுத்ததை எழுதி வையுங்கள்.
* முறைகேடு தெரிந்தால் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.
* நோட்டீஸ் வந்தால் அஞ்சிக் கையெழுத்திடாதீர்கள். இலவசச் சட்ட உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

பெங்களூருவில் ஓர் அமைப்பு எழுதிய புகார்தான் ஆணையத்தையே அசைத்தது. உங்கள் ஊராட்சியில் பதிவேடு இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள்.