ஃபேனும் வேண்டாம், போர்வையும் வேண்டாம்: செங்கல்பட்டு குடும்பங்கள் காத்திருக்கும் அந்த ஆறு வாரங்கள்!

விடியற்காலை எழுந்தால் ஜன்னல் கம்பியில் பனி ஈரம். பகல் 12 மணிக்கு மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. மாலை 4 மணி ஆனதும் கிழக்கிலிருந்து கடல் காற்று வந்து சட்டைக் காலரைத் தூக்கிப் பார்க்கும். மாசி பிறந்து பங்குனி பாதி தாண்டும் வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் நாள் இப்படித்தான் ஓடுகிறது.

"ஏங்க, வெயில் ஏர்றதுக்குள்ள பசங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போலாமே" என்ற பேச்சு மறைமலைநகர், கூடுவாஞ்சேரி அப்பார்ட்மென்ட்களில் எழுவதும் இந்த நாட்களில்தான். பல வீடுகளில் அந்தப் பேச்சு ஏதாவது ஒரு ஷாப்பிங் மால் ஃபுட் கோர்ட்டில் போய் முடிந்துவிடும்.

இதே நாட்களுக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கும் குடும்பங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்களின் கொண்டாட்டத்துக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. திறந்த மணல், தண்ணீர் நிற்கும் ஏரி, இருட்டான கடற்கரை இருந்தால் போதும். இவை யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. காப்பாற்ற ஆள் இல்லாவிட்டால் முதலில் காணாமல் போவதும் இவைதான்.

இது வசந்தமா, பனிக்காலமா?

காலண்டரில் பிப்ரவரி, மார்ச் வந்தாலே சோஷியல் மீடியாவில் 'ஸ்பிரிங்' என்று பூப்படங்கள் வரிசை கட்டும். தமிழ் மரபில் கணக்கு வேறு. ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தவர்கள் மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும், மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் வைத்தார்கள். இளவேனில் தொடங்குவது சித்திரையில்தான். அதாவது, மற்ற ஊர்களில் வசந்தம் எட்டிப் பார்க்கும்போது நமக்குப் பனியின் கடைசி அத்தியாயம் நடக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஜனவரியில் விடைபெற்றுவிடும். பெய்த மழை ஏரிகளில் இன்னும் நிற்கும். வானம் தெளிவாக இருக்கும். சென்னைப் பகுதியில் பிப்ரவரி மாதச் சராசரி அதிகபட்ச வெப்பம் 31 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மே மாதத்தில் அது 37 டிகிரியைத் தாண்டிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியே இந்தப் பருவம்.

மாலைக் காற்றுக்கும் எளிய காரணம் உண்டு. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

வீட்டுக்குள்: மொட்டை மாடி சீசன்

மழை பயம் இல்லை, வெயிலும் இன்னும் கொளுத்தவில்லை. வடாம் போட இதைவிட நல்ல நேரம் கிடையாது. முதல் நாளே அரிசியை ஊறவைத்து அரைத்து, விடிவதற்குள் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுவதற்கு முன் பழைய வேட்டியில் பிழிந்துவிட வேண்டும். பிழிவது பெரியவர்கள் வேலை. கறுப்புக் குடையைப் பக்கத்தில் விரித்து வைத்துக் காக்கா விரட்டுவது பிள்ளைகள் வேலை. காக்கா தின்றதைவிட, பாதி காய்ந்த வடாமைக் காவலாளிகள் தின்றதுதான் அதிகம் என்பது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை.

புளி உலுக்கும் காலமும் இதுதான். ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலையைத் தனி ஆளாகச் செய்தால் அலுத்துப்போகும். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒரு மதியம் பேச்சிலேயே ஓடிவிடும். கொட்டையில் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயம் ஆட உருட்டும் காய் ரெடி. பங்குனியில் வேப்பம்பூ உதிரத் தொடங்கும். மரத்தடியில் துணி விரித்துப் பிடித்து, நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டால், சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் வருடம் முழுக்க ரசத்துக்கும் ஆகும். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் காரடையான் நோன்பு இருக்கும் வீடுகளில், அடையோடு உருகாத வெண்ணெய் தட்டுக்கு வரும்.

இரவில் அதே மாடிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நிலாச்சோறு. பௌர்ணமி இல்லாத நாளில் தெற்கே பாருங்கள். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில், அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரு நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். இரவு வானில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ் ஒன்றுதான். அதுவும் அப்போது தலைக்கு மேலே தெரியும். லண்டனில் இருக்கும் உங்கள் ஃப்ரெண்டால் அகத்தியரைப் பார்க்கவே முடியாது. அவ்வளவு வடக்கே போனால் அது அடிவானத்துக்கு மேல் வருவதில்லை.

மாமல்லபுரம் மணலில் மாசி மகம்

இந்தப் பருவத்தின் மிகப் பெரிய குடும்பச் சந்திப்பு மாமல்லபுரம் கடற்கரையில் நடக்கிறது. மாசி மகத்தை ஒட்டி, வட தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இருளர் பழங்குடி மக்கள் பஸ்ஸிலும் வேனிலும் இங்கே வந்து சேர்கிறார்கள். நாலு கம்பு நட்டு, புடவையைக் கூரையாகக் கட்டினால் வீடு ரெடி. மணலிலேயே அடுப்பு, மணலிலேயே படுக்கை. பகலெல்லாம் பிள்ளைகள் அலையை விட்டு அகலுவதில்லை.

விடிந்ததும் கரையில் மணலால் ஏழு படி அமைத்து, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். கன்னியம்மன் கடலோடு சேர்ந்த தெய்வம் என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தைக்குப் பெயர் வைப்பது, மொட்டை அடிப்பது, காது குத்துவது, பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, கல்யாணம் என எல்லாம் அந்த மணலில்தான் நடக்கிறது. மண்டபம் கிடையாது, கேட்டரிங் கிடையாது. கடலும் உறவுக்காரர்களும்தான் சாட்சி. அதே மாசி மகத்தில் ஊர்ப் பெருமாள் கோயிலான தலசயனப் பெருமாள் கோயிலின் தீர்த்தவாரியும் இந்தக் கடலில்தான்.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு இது கலர்ஃபுல் திருவிழா. வந்திருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் இன்னும் ஆழமானது. இருளர்கள் மத்திய அரசின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் உள்ளவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரமும் நின்றபோது, தலைமுறைகளாகத் தெரிந்த தொழில் கைவிட்டுப் போனது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒரு பகுதியினருக்கு வழி காட்டியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருந்து இயங்கும் இந்தச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் பாம்புகளின் விஷத்தை எடுத்து விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குத் தருகிறது. எடுத்து முடித்ததும் பாம்புகள் காட்டிலேயே விடப்படுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் எல்லோரும் அந்தச் சங்கத்தில் இல்லை. செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் வேலை என்று முன்பணக் கடனுக்காகக் கொத்தடிமைகளாக அடைபட்டிருந்த இருளர் குடும்பங்கள் வட மாவட்டங்களில் பலமுறை மீட்கப்பட்டிருக்கின்றன. வீட்டு மனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இன்றும் அலைகிறவர்கள் உண்டு. ஆளுக்கொரு மூலையில் வேலைக்குப் போன உறவுகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இடம், பலருக்கு வருடத்தில் இந்த மணல் ஒன்றுதான். கடற்கரை என்பது எவ்வளவு பெரிய பொதுச்சொத்து என்பது இங்கே புரியும்.

கல்லிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அதே ஊரில், 7-ம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகளும் குடும்பக் காட்சிகளை விட்டுவைக்கவில்லை. அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் சுமார் 30 மீட்டர் நீளப் பாறையில், பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே குட்டி யானைகள் இருக்கின்றன. தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. அருகிலேயே தனிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம்: தாய் குட்டிக்குப் பால் கொடுக்க, பின்னால் உட்கார்ந்து ஒன்று பேன் பார்க்கிறது. நம் வீட்டுத் திண்ணைக் காட்சிதான்.

வேடந்தாங்கல்: பட்டாசு வெடிக்காத ஊர்

செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே. அதற்குள் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எனக் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன. மாலை 4 மணிக்குப் போனால், இரை தேடப் போன பறவைகள் திரும்பி வருவதையும், கூட்டில் வளர்ந்த குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு சண்டை போடுவதையும் பார்க்கலாம். ஒரே டிபன் பாக்ஸுக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி உள்ள வீடுகளுக்கு இது பழகிய காட்சி.

இந்த இடத்தைக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களுக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே தெரியும். ஆங்கிலேயர்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது அவர்கள் எதிர்த்தார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊர்க்காரர்களின் உரிமையை எழுத்தில் அங்கீகரித்தார். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசைத் தவிர்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்கள் ஆயின.

இருந்தும் நிம்மதி இல்லை. சரணாலயம் என்பது ஏரி மட்டும் அல்ல, ஏரியைச் சுற்றி 5 கி.மீ. பரப்பும் சேர்ந்தது. 2020-ல் அதை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் யோசனை எழுந்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சுற்றளவு ஏன் முக்கியம்? பறவைகள் ஏரியில் குடியிருக்கின்றன. மீனும் நத்தையும் தேடிப் போவது சுற்றியுள்ள வயல்களுக்கும் குளங்களுக்கும். வெளியே இரை இல்லாவிட்டால் உள்ளே கூடு இருந்தும் பயனில்லை.

இருட்டு வேண்டும் பங்குனி ஆமைக்கு

ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் படிக்கும் கடலாமைக்குத் தமிழில் பங்குனி ஆமை என்று பெயர். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் இந்தக் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் 100 முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும். இருட்டில் அவை வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல் மினுங்கும் அடிவானம். இன்று பல இடங்களில் அது ஈ.சி.ஆர். ரிசார்ட் விளக்கு. தப்பான திசையில் ஓடும் குஞ்சு விடிவதற்குள் நாய்க்கோ காக்கைக்கோ இரையாகும், இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்துபோகும்.

பெரிய ஆமைகளுக்கும் ஆபத்து உண்டு. மூச்சு விட அவை அடிக்கடி மேலே வர வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் அது முடியாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இன்னொரு பக்கம், சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவு முழுக்கக் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் பிள்ளைகளோடு நின்று பார்த்தவர்கள் அதை லேசில் மறக்க மாட்டார்கள்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

* வெளியே போக நல்ல நேரம்: காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6 வரை.
* வேடந்தாங்கல்: மழை பொய்த்த வருடத்தில் பறவைகள் குறைவு. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.
* மாமல்லபுரம்: தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது.
* கடல்: இங்கே இழுப்பு அதிகம், உயிரிழப்புகள் நடந்த கரை. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
* மாசி மகம்: கூடாரம் ஒவ்வொன்றும் ஒரு வீடு. கேட்டுவிட்டு போட்டோ எடுங்கள்.
* ஆமை: டார்ச், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். முட்டைக் குழியைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.
* எங்கும் போக முடியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து செங்கல்பட்டு லோக்கல் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். ஊர் வருவதற்கு முன் கொளவாய் ஏரி கூடவே வரும்.

பங்குனி முடியும்போது பறவைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். வடாம் டப்பாவுக்குள் போய்விடும். ஏசி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றும் நாள் வந்துவிடும். மாமல்லபுரத்தில் மகம் முடிந்ததுமே புடவைக் கூரைகள் மடிக்கப்பட்டு மூட்டையாகிவிடும். பஸ் ஏறும் முன் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது "அடுத்த மாசிக்குப் பாக்கலாம்" என்பதுதான். அதற்கு அந்த மணல் அங்கேயே, எல்லோருக்குமாகத் திறந்து கிடக்க வேண்டும்.