கரையோரக் காணியும் உங்கள் உரிமைகளும்

ஹொல்ஸ்டெப்ரோ நகரசபையின் எல்லை மேற்கே வடகடல் வரை நீள்கிறது. தோர்ஸ்மின்டேயின் மணற்குன்றுகளும், 1977 முதல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பேணப்படும் நிஸ்ஸும் ஃபியோர்ட் கடனீரேரியின் ஒரு பகுதியும் அங்குள்ளன. இத்தகைய இடங்களில் இயற்கையைப் பாதுகாப்பதற்காகத் தனியார் காணியை நகரசபை வாங்கலாமா?

வாங்கலாம். ஆயினும், வாங்காமலே பாதுகாப்பதற்கும் சட்டம் வழி செய்துள்ளது. ஊர்ப்புறங்களுக்கு வெளியே, கரையிலிருந்து பொதுவாக 300 மீற்றருக்குள் அனுமதியின்றிக் கட்டடம் அமைப்பதும் நிலத்தின் நிலையை மாற்றுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. மணற்குன்றுகளுக்கும் இதையொத்த தடை உண்டு. காணியோ உரிமையாளரிடமே இருக்கும்.

வாங்குவதாயின், முதல் வழி இருதரப்பு இணக்கத்துடனான விற்பனையாகும். சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுவதற்கு அக்காணி முக்கியமானதாக இருந்தால் மட்டுமே கட்டாயச் சுவீகரிப்பு (டேனிஷ் மொழியில் 'எக்ஸ்ப்ரொப்ரியஷோன்') இடம்பெறலாம்.

காணி சுவீகரிப்பு என்னும் சொல் எம்மவர் பலருக்குக் கசப்பான நினைவுகளைத் தருவது. இங்கு அரசியலமைப்பின் 73ஆம் பிரிவு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது: பொதுநலன் அதனை வேண்டி நிற்க வேண்டும், அது சட்டத்தின்படி நடைபெற வேண்டும், முழுமையான நட்டஈடு வழங்கப்பட வேண்டும். சுவீகரிப்பின் சட்டபூர்வத் தன்மையையும் நட்டஈட்டுத் தொகையையும் எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம்.

காணி யாருடையதாயினும், கடற்கரையில் நடந்து செல்லவும் சிறிது நேரம் தங்கவும் நீராடவும் அனைவருக்கும் உரிமையுண்டு. தனியார் கரையாயின், குடியிருப்பு வீட்டிலிருந்து 50 மீற்றருக்குள் தங்குதலும் நீராடுதலும் கூடாது. ஏப்ரல் 1 முதல் செப்டெம்பர் 30 வரை நாய்களை வாரில் கட்டியே அழைத்துச் செல்ல வேண்டும்.

உங்கள் காணி தொடர்பாகக் கடிதம் கிடைப்பின், அதில் குறிப்பிடப்பட்டுள்ள முறையீட்டுக் கால எல்லையை முதலில் கவனியுங்கள். கையொப்பமிடுமுன் சட்ட ஆலோசனை பெறுங்கள்.