ஒரே கட்டளையில் 32 புள்ளிகள்

அசெம்பிளி மொழி என்றதும் பலருக்கு 8085 செயலி ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் கணினியில் சுருக்கப்பட்ட வீடியோவை மென்பொருளே விரித்துக் காட்டும் இடங்களில் இன்றும் கையால் எழுதிய அசெம்பிளிதான் பாரம் சுமக்கிறது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடிக்கு மேல். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் பொதுவாக 0 முதல் 255 வரையிலான ஓர் எண். வெளிச்சத்தை ஏற்ற, 200-உடன் 100-ஐக் கூட்டினால் 300. ஒரு பைட்டில் அது அடங்காமல் 44 ஆகச் சுருண்டுவிடும். பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில் இருண்ட புள்ளி விழும். சி மொழியில் எழுதினால், 255-ஐத் தாண்டுகிறதா என்று ஒவ்வொரு புள்ளிக்கும் சரிபார்க்க வேண்டும். செயலியிலோ, கூட்டி 255-லேயே நிறுத்திக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு. இன்டெல் 2013-இல் கொண்டுவந்த ஏவிஎக்ஸ்2 வசதியில் ஒரு ரெஜிஸ்டரின் அகலம் 256 பிட். ஒரே கட்டளையில் 32 புள்ளிகளைக் கூட்டிவிடலாம். முழுப் படத்துக்கும் 64,800 முறை போதும். கம்பைலரும் இப்படிச் சேர்த்துக் கணக்கிட முயலும். சிக்கலான இடங்களில் அது தடுமாறும்போது மனிதக் கை முந்துகிறது.

ஏவி1 என்ற வடிவில் சுருக்கப்பட்ட வீடியோக்களை விரிக்கும் 'டேவிட்' என்ற கட்டற்ற மென்பொருளில் சி நிரலைவிட அசெம்பிளி வரிகளே அதிகம். குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள் அதைப் பயன்படுத்துகின்றன. அதை உருவாக்கிய வீடியோலேன் அமைப்பின் விஎல்சி பிளேயர் மாணவர்களின் கையில் பிறந்தது. 1996-இல் பாரிஸின் எகோல் சாந்த்ரால் கல்லூரி மாணவர்கள், வளாக நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பிப் பார்ப்பதற்காகத் தொடங்கினார்கள். 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

இந்தத் துறையில் புதியவருக்கு வழி திறந்தே இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற வீடியோ மென்பொருளின் குழு தன் அசெம்பிளிப் பாடங்களைக் கிட்ஹப்பில் இலவசமாக வைத்திருக்கிறது. சி மொழியில் பாயின்டர் தெரிந்து, பள்ளிக் கணக்கும் கைவசம் இருந்தால் போதும் என்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் எனக்கு மிகவும் பிடித்தது 'செக்ஆசம்' என்ற சோதனைக் கருவி. நீங்கள் எழுதிய அசெம்பிளிக்கும் ஏற்கெனவே உள்ள சி நிரலுக்கும் ஒரே தாறுமாறான எண்களைக் கொடுத்து, விடை ஒரு பிட்கூட மாறாமல் வருகிறதா என்று பார்க்கும். எத்தனை மடங்கு வேகம் கூடியது என்பதையும் அளந்து சொல்லும். உங்கள் ஊரோ கல்லூரியோ அந்த அளவீட்டில் வராது. நீங்கள் எழுதியதைக் குழுவுக்கு அனுப்பினால் மூத்தவர்கள் வரிவரியாகக் குறை சொல்வார்கள்; கடுமையாகவே சொல்வார்கள். அந்தப் பயிற்சியை எந்தப் பாடத்திட்டமும் தராது.

செல்பேசிகளில் உள்ள ஆர்ம் செயலிகளுக்கும், புதிதாக வளரும் ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்கும் இன்னும் எழுதப்படாத செயற்கூறுகள் நிறைய இருக்கின்றன. மாணவர்களே, முழு மென்பொருளையும் புரிந்துகொண்ட பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்காதீர்கள். சின்னதாக ஒரு செயற்கூறை எடுங்கள், எழுதுங்கள், செக்ஆசமில் ஓட்டுங்கள், அனுப்புங்கள்.