மலையில் வாங்கிய சூடு

"எழுபதைத் தாண்டி பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் கையை உதறுதுங்ணா. டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னாங்க. வருசத்துல ரெண்டு தடவ மாத்தியாச்சு."

மேட்டுப்பாளையத்தில் சாலையோரப் பட்டறை ஒன்று. ஊட்டி கேரட்டை மண்டியில் இறக்கிவிட்டு வந்திருந்தது அந்த பிக்கப் வண்டி. மூன்றாவது ஜோடி டிஸ்க்கைப் பெட்டியோடு கையில் வைத்திருந்தார் ஓட்டுநர். மெக்கானிக் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். "மாத்தின உடனே ஆடுச்சா, கொஞ்ச நாள் ஓடின பொறவா?"

"ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப தப்பு டிஸ்க் மேல இல்ல தம்பி. நாளைக்கு மண்டிக்குப் போறதுக்கு முன்னாடி, லோடோட நேரா இங்க வா."

அந்த ஒரு கேள்விக்குள் பாதி விடை இருக்கிறது. எப்படி என்று பார்க்க, முதலில் ஒரு சின்னக் கணக்கு.

பிரேக்கின் வேலை, ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வால் வெப்பமாக்கிக் காற்றில் விடுவது. வண்டியும் சுமையுமாக 3 டன் எடை, மணிக்கு 60 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். அதை நிறுத்தினால் வெளிப்படும் வெப்பம் சுமார் 4 லட்சம் ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட அது போதும். ஒருமுறை நிறுத்துவதில் முன்சக்கர டிஸ்க் ஒவ்வொன்றும் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் சூடேறும். அடுத்த பிரேக்குக்குள் அது ஆறியும் விடும்.

மலை இறக்கம் வேறு விவகாரம். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். அந்த 3 டன்னை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கினால் வெளிப்படும் ஆற்றல் 5.5 கோடி ஜூலுக்கு மேல். 60 கி.மீ. வேகத்திலிருந்து நூற்று முப்பது தடவை நிறுத்துவதற்குச் சமம். டயர், காற்று, எஞ்சின் எல்லாம் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக்கின் தலையில். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஆற நேரமும் கிடையாது.

இனி உதறலுக்கு வருவோம். டிஸ்க் பப்படம் போல வளைந்துவிட்டது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. பந்தயக் கார் பொறியாளர் கேரொல் ஸ்மித் இதைக் கட்டுக்கதை என்றே எழுதினார். அவர் பார்த்த டிஸ்க்குகளில் நடந்திருந்தது வேறு: டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் பொருள் டிஸ்க்கின் மேல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. திட்டு உள்ள இடத்தில் உராய்வு கூடும். உராய்வு கூடினால் அங்கே சூடு இன்னும் ஏறும். சுமார் 700 டிகிரியைத் தொட்டால் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறி, அந்த இடம் மட்டும் கடினப்பட்டுப் போகும். நீலம் பாய்ந்த புள்ளிகளாக அவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். லேத்தில் கடைந்து மேல்பரப்பை வழவழப்பாக்கினாலும் கடினப் புள்ளியின் வேர் உள்ளே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் மேடு மறுபடி தலைகாட்டும்.

சூடே இல்லாமலும் இதே நோய் வரும். பழைய ஹப்பில் ஒட்டியிருக்கும் துருவைத் துடைக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால், அது இம்மியளவு சாய்ந்து உட்காரும். வீல் நட்டுகளை ஏர் கன்னில் ஏறுக்குமாறாக இறுக்கினாலும் அப்படித்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் மிதிக்காதபோதும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். பிக்கப்பின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 தடவை சுற்றுகிறது. 5,000 கிலோமீட்டரில் அந்த உரசல் இருபது லட்சத்தைத் தாண்டும். உரசிய இடம் தேய்ந்து மெலியும். தடிப்பில் 15, 20 மைக்ரான் வித்தியாசம், அதாவது தலைமுடியின் கனத்தில் நாலில் ஒரு பங்கு வந்தாலே போதும், உதறல் தொடங்கும்.

"மாத்தின உடனே ஆடுச்சா, கொஞ்ச நாள் ஓடின பொறவா?" என்று மெக்கானிக் கேட்டதன் பொருள் இதுதான். மாட்டிய அன்றே ஆடினால் டிஸ்க்கையே சந்தேகிக்கலாம். இரண்டு மாதம் நன்றாக ஓடி அப்புறம் ஆடினால், டிஸ்க்கை ஏதோ ஒன்று தினமும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடுவதற்கும் கணக்கு உண்டு. 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பத்துச் சுற்று. மேடான இடம் பேடை விநாடிக்குப் பத்து முறை தள்ளும். முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் இயல்பாக அதிரும் வேகம் இதை ஒட்டியதுதான். ஊஞ்சலை அதன் தாளம் தப்பாமல் தள்ளுவது போல, அந்த வேகத்தில் சிறு தள்ளலும் பெரிதாகிறது. மலைப்பாதையில் முப்பதில் ஊர்ந்து வரும்போது ஒன்றும் தெரியாது. காயம் பட்டது மலையில், வலி தெரிவது சமவெளி நெடுஞ்சாலையில். அதனால்தான் இந்த நோய் பலரை ஏமாற்றுகிறது.

மறுநாள் காலை வண்டி சுமையோடு நேராக வந்து நின்றது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வெப்பமானித் துப்பாக்கியின் பட்டறை வகை ஒன்றை மெக்கானிக் எடுத்தார். நான்கு சக்கரங்களையும் சூடு ஆறுமுன் சுற்றி வந்து பார்த்தார்.

ஒரு பக்கம் மட்டும் கொதித்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால், பேடை அழுத்தும் காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உள்ள நிப்பிளைச் சற்றே திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது. உட்புறம் ஊதிய ரப்பர் ஹோஸ் காரணமாகலாம். நிப்பிளைத் திறந்தும் விடவில்லையா? காலிப்பர் பின்னோ பிஸ்டனோ துருவேறி இறுகிவிட்டது.

இந்த வண்டியில் அது எதுவும் இல்லை. முன் இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி கொதித்தன. பின்பக்க டிரம்மிலோ கை வைக்க முடிந்தது. ஊட்டியிலிருந்து முழுச் சுமையோடு இறங்கிய வண்டியின் பின் டிரம் அப்படி இருக்கக் கூடாது. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தார். "ஸ்பிரிங்கு பட்டை சேத்தீங்களா?"

"ஆமாங்ணா. லோடு ஏத்துனா பின்னால அமுங்குதுன்னு ரெண்டு பட்டை சேத்தோம்."

எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அங்கதான் ஆரம்பம்."

பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். எல்எஸ்பிவி என்று பட்டறையில் சொல்லப்படும் சுமை உணர் வால்வின் கம்பி அது. சுமை ஏறினால் சேஸிஸ் தாழும். கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும்படி வால்வுக்குச் சொல்லும். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க, அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். பட்டை சேர்த்ததும் பின்பக்கம் விறைத்துக்கொள்கிறது. ஒன்றரை டன் கேரட் ஏறியும் சேஸிஸ் போதுமான அளவு தாழவில்லை. வண்டி காலி என்று நம்பி, வால்வு பின் பிரேக்கைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நான்கு சக்கரம் பகிர வேண்டிய சூட்டில் பெரும்பங்கு முன் இரண்டு டிஸ்க்கின் மேல் விழுகிறது. டிஸ்க்கை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தப் பொய்த்தகவல் மாறாது.

இதில் உதறலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 140. டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அழுத்தத்துக்கு மசியாது, ஆவி மசியும். மிதித்த பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

ஓட்டுநர் கையிலும் ஒரு பங்கு இருக்கிறது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். கியரில் இருக்கும்போது எஞ்சினும் வண்டியை இழுத்துப் பிடித்து, சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர், அந்தப் பங்கையும் டிஸ்க்கின் மேல் ஏற்றிவிடுகிறார்.

பகல் வரை வேலை நடந்தது. சேர்த்த பட்டைகள் இறங்கின. வால்வுக் கம்பி அளவு பார்த்துச் சரியாக்கப்பட்டது. பின் டிரம்மின் லைனிங் அட்ஜஸ்ட் ஆனது. பழைய ஆயில் வெளியேறிப் புதியது ஏறியது. ஹப்பை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகுதான் ஓரமாக இருந்த பெட்டி திறந்தது. பழைய டிஸ்க்கில் நீலப் புள்ளிகள் இருந்ததால் மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஏர் கன்னைத் தொடாமல், எதிரெதிர் நட்டாகக் கையால் இறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் ஓட்டுநர் கேட்டார்:

"இதத்தானுங்ணா நேத்தே நான் கொண்டாந்தேன்?"

"நேத்து மாட்டியிருந்தா, ரெண்டு மாசத்துல நாலாவது பெட்டியத் தூக்கிட்டு வந்திருப்ப தம்பி."