ஆடுவதற்காகத் தப்பியோடியவர்கள்

பந்தாடுவதற்காகப் பையன்கள் வகுப்பிலிருந்து நழுவுவதை உபாத்தியாயத் தொழிலில் உள்ள நாம் நன்கு அறிவோம். பின் பெஞ்சு காலியாயிருந்தால் மைதானத்தை எட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரு சர்வகலாசாலையின் தலைவர் ஒரு திசையிலும், அதன் பயிற்சியாளர் மற்றொரு திசையிலுமாக ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டிப் போய்விட, மாணவர்கள் மறுநாட் காலையில் வேவு பார்த்துவிட்டு ஆகாய விமானமேறிப் பறந்த வேடிக்கையை வேறெங்கும் நாம் கேட்டதில்லை. அவர்கள் செய்யப் போன குற்றந்தான் என்ன? ஒரு கூடைப் பந்துப் பந்தயம் ஆடுவது! 1963-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் பகுதியிலுள்ள மிஸிஸிப்பி ராஜ்யத்தில் இது நடந்தது.

அந்த ராஜ்யத்தில் ஸ்டார்க்வில் என்னும் சிற்றூரை அடுத்து மிஸிஸிப்பி ஸ்டேட் சர்வகலாசாலை இருக்கிறது. விவசாயக் கல்விக்குப் பெயர் பெற்றது. 1963-ல் அங்கே படித்தவர் அனைவரும் வெள்ளையரே. கறுப்பு இனத்தாருக்கு அதன் வாசல் திறக்கவில்லை. கூடைப் பந்தில் மட்டும் அந்தக் கலாசாலைக்கு அக்காலத்தில் ஒரு தனி மதிப்பு இருந்தது. கூடைப் பந்து அந்நாட்டில் குளிர்கால ஆட்டம். அக்காலத்தில் டிசம்பரில் தொடங்கி மார்ச்சு முடியப் பருவம் நடந்தது. வட்டாரந்தோறும் கலாசாலைகள் சங்கமாகச் சேர்ந்து தமக்குள் ஆடும். அக்காலத்தில் சங்கத்தில் முதலாவதாக வந்த கோஷ்டி தேசியப் போட்டிக்குச் சென்றது. தென்கிழக்குச் சங்கத்தில் மிஸிஸிப்பி ஸ்டேட் கோஷ்டி 1959-ல் முதலாவதாக வந்தது. அவ்வருஷம் ஆடிய 25 பந்தயங்களில் 24 வெற்றி. பெய்லி ஹவல் என்ற மகா சமர்த்தர் அப்பொழுது அதில் ஆடிவந்தார். 1961-ல் மறுபடியும் பட்டம். 1962-ல் மறுபடியும் 24 வெற்றி, ஒரே தோல்வி. பட்டத்தைக் கெண்டக்கி சர்வகலாசாலையோடு பகிர்ந்துகொண்டது. மூன்று முறையும் தேசியப் போட்டிக்குப் போனது கெண்டக்கி. ஜயித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் ஓர் எழுதாத சட்டம். கறுப்பர் ஒருவராவது இடம் பெற்ற கோஷ்டியுடன் மிஸிஸிப்பி ராஜ்யத்துக் கலாசாலைகள் ஆடக்கூடாது என்பது அங்கே வழக்கு. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. ஆனால் மீறினால் சர்க்கார் மானியம் நின்றுபோகும் என்ற பயமுறுத்தல் எப்பொழுதும் தலைமேல் தொங்கியது. 1956 டிசம்பரில் இதே கோஷ்டி இண்டியானா ராஜ்யத்தில் ஒரு போட்டிக்குச் சென்று, கறுப்பர் இருந்த டென்வர் கோஷ்டியை வென்றுவிட்டது. அடுத்தது இறுதிப் பந்தயம். அதற்குள் ஊரிலிருந்து ஆக்ஞை பறந்து வந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு பையன்கள் திரும்பினார்கள். தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லலாம். ஜயித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு என்ன சொல்வது? பிறரை உள்ளே விடாதிருக்க எழுப்பிய சுவர், எழுப்பியவர்களின் பிள்ளைகளையே வெளியே விடாமல் அடைத்துவிட்டது.

1962-63-ஆம் வருஷப் பருவம் தொடங்கியபொழுது அந்த ராஜ்யத்தின் காற்றே கொதித்துக் கொண்டிருந்தது. அதே ராஜ்யத்தில் ஆக்ஸ்போர்டு நகரத்திலுள்ள மற்றொரு சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு வாலிபரைச் சேர்த்துக்கொள்ளும்படி நீதி ஸ்தலம் உத்தரவிட்டிருந்தது. கவர்னர் ராஸ் பார்னெட் தாமே வாசலில் நின்று மறித்தார். செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு அங்கே பெருங் கலகம் மூண்டு இருவர் உயிரிழந்தனர். தேசிய சர்க்காரின் பட்டாளம் வந்துதான் அடக்கிற்று. அந்தச் சூடு ஆறுமுன்பே ஸ்டார்க்வில் கோஷ்டி நான்காவது முறையாகச் சங்கத்தின் பட்டத்தைப் பெற்றது. தலைவன் ஜோ டான் கோல்டு, லெலண்ட் மிட்சல், ஸ்ட்ரௌட் முதலிய முக்கிய ஆட்டக்காரர்களுக்கு அது கலாசாலையில் கடைசி வருஷம். இப்பொழுது போகாவிட்டால் இனி எப்பொழுதும் இல்லை.

அப்பொழுது சர்வகலாசாலையின் தலைவராயிருந்தவர் டீன் கால்வர்டு. விவசாய சாஸ்திரம் கற்றவர். வட கரோலினாவிலிருந்து 1960-ல் வந்தவர். கூச்சலிடும் சீர்திருத்தக்காரர் அல்ல. மார்ச்சு 2-ஆம் தேதி அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார்: உரிய அதிகாரம் படைத்தவர்கள் தடுத்தாலன்றிக் கோஷ்டி தேசியப் போட்டிக்குச் செல்லும் என்பதே அதன் சாரம். மாணவர்களுக்குக் குதூகலம். கவர்னருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் கோபம். ஜாக்ஸன் நகரத்துத் தினசரி ஒன்று எதிர்க் கோஷ்டியின் படத்தை அச்சிட்டு, இதைக் கத்தரித்துக் கல்விச் சபைக்கு அனுப்புங்கள் என்று வாசகர்களைத் தூண்டிற்று. படத்தில் நான்கு கறுப்பர் இருந்ததே அது காட்டிய சான்று. மார்ச்சு 9-ஆம் தேதி கல்விச் சபை கூடிற்று. 8 பேர் போகலாம் என்றனர். 3 பேர் கூடாது என்றனர்.

நேயர்கள் எதிர்க் கோஷ்டியைப் பற்றியும் அறிய வேண்டும். அது சிகாகோ நகரத்து லயோலா சர்வகலாசாலையின் கோஷ்டி. நம் சென்னை லயோலா காலேஜைப் போலவே ஏசு சபைப் பாதிரிமார் ஸ்தாபித்தது. ஜார்ஜ் அயர்லாந்து என்பவர் பயிற்சியாளர். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கறுப்பருக்கு மேல் களத்தில் இறக்குவதில்லை என்று வட பகுதிப் பயிற்சியாளர்களுக்குள்ளும் ஒரு மறைமுகமான உடன்பாடு இருந்தது. அதாவது தெற்கே வெளிப்படையாகச் செய்ததை வடக்கே நாசூக்காகச் செய்தார்கள்! அயர்லாந்து அந்தக் கணக்கைக் குப்பையில் போட்டார். ஜெர்ரி ஹார்க்னஸ், லெஸ் ஹண்டர், விக் ரவுஸ், ரான் மில்லர் ஆகிய நால்வர் கறுப்பர். ஐந்தாமவரான ஜான் ஈகன் வெள்ளையர். 1962 டிசம்பரில் ஒரு பந்தயத்தில் ஐந்து கறுப்பரையும் ஒருங்கே களத்தில் நிறுத்தி அவர் எல்லோரையும் திகைக்க வைத்தார். கோஷ்டியின் ஆட்டமோ காற்று வேகம். பந்தயத்துக்குச் சராசரி 90 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார்கள். தேசியப் போட்டியின் முதற் பந்தயத்தில் டென்னஸி டெக் கோஷ்டியை 111-க்கு 42 என்று துவைத்தெடுத்தார்கள். ஆனால் தெற்கே ஹூஸ்டன் நகரில் ஆடியபொழுது கூட்டத்திலிருந்து அவர்கள் மேல் வசைமாரி பொழிந்தது. கையில் கிடைத்ததையும் எறிந்தார்கள். மிஸிஸிப்பியோடு ஆடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஹார்க்னஸின் மாணவர் விடுதிக்குக் கொலைகாரக் கூட்டமான கூ கிளக்ஸ் கிளானின் பெயரால் பயமுறுத்தல் கடிதங்கள் வந்தன. இருபத்திரண்டு வயது வாலிபர். பந்தைக் கூடையில் போடுவதைத் தவிர அவர் செய்த அபராதம் வேறொன்றும் இல்லை.

மார்ச்சு 13-ஆம் தேதி, புதன்கிழமை. பில்லி மிட்ஸ் என்ற மேல்சபை அங்கத்தினரும், லாஸன் என்ற முன்னாள் அங்கத்தினரும் நீதி ஸ்தலத்தில் இடைக்காலத் தடை உத்தரவு வாங்கிவிட்டார்கள். மிட்ஸ் அதே கலாசாலையில் படித்தவர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. தடை உத்தரவுக்கு ஒரு தன்மை உண்டு. உரியவர் கையில் சார்வு ஆனாலொழிய அது வெறுங் காகிதமே. ஆகவே கையில் அகப்படாமலிருப்பதே வழி என்று ஸ்டார்க்வில்லில் தீர்மானித்தார்கள். கால்வர்டு அலபாமா ராஜ்யத்திலுள்ள பர்மிங்ஹாமுக்குப் புறப்பட்டார். பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி, விளையாட்டு நிர்வாகியுடன் இரவோடிரவாக மோட்டாரில் மெம்பிஸ் நகரத்துக்கு, அதாவது டென்னஸி ராஜ்யத்துக்குள் போய்விட்டார். பிடித்து வைக்க முக்கியஸ்தர் ஒருவரும் ஊரில் இல்லை.

மறுநாள் காலை மாற்று ஆட்டக்காரர்களை மட்டும் முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதிகாரிகள் மறித்தால் அவர்களோடு போகட்டும் என்பது யுக்தி. முக்கிய ஆட்டக்காரர்கள் விடுதியில் செய்திக்குக் காத்திருந்தார்கள். தடுப்பார் ஒருவரும் இல்லை என்று தெரிந்தவுடன் எல்லோரும் போய் ஏறினர்; நாஷ்வில் நகரத்தில் பயிற்சியாளருடன் சேர்ந்துகொண்டு வடக்கே மிஷிகன் ராஜ்யத்துக்குப் பறந்தனர். அன்றைக்கே ராஜ்யத்தின் உயர் நீதிபதி கில்லெஸ்பி அந்தத் தடை உத்தரவை நிறுத்தி வைத்தார். இத்தனை ஓட்டமும் வேண்டியிருந்திராது என்று பின்னால் சொல்வது எளிது. விமானத்தின் கதவு மூடும் வரையில் அந்தப் பையன்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்!

மார்ச்சு 15-ஆம் தேதி இரவு ஈஸ்ட் லான்ஸிங் நகரில் பந்தயம். ஆட்டத்துக்கு முன் இரு தலைவர்களும் நடுக் களத்தில் கை குலுக்குவது சம்பிரதாயம். யாரும் கவனிப்பதே இல்லை. அன்று கோல்டும் ஹார்க்னஸும் கை நீட்டியதுதான் தாமதம், நாலாபுறமிருந்தும் படக் கருவிகளின் வெளிச்சம் மின்னிற்று. இது வெறும் பந்தயமல்ல என்பது தமக்கு அந்த நொடியில்தான் விளங்கிற்று என்று ஹார்க்னஸ் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார்.

களத்தில் ஒரு சச்சரவும் இல்லை. மிஸிஸிப்பியார் முதல் ஏழு புள்ளிகளையும் தாமே எடுத்து லயோலாவைத் திடுக்கிட வைத்தார்கள். அவர்கள் ஆட்டம் நிதானமானது. இத்தனை நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அக்காலத்தில் இல்லாமையால், நல்ல சமயம் வாய்க்கும் வரையில் பந்தைக் கை மாற்றிக்கொண்டே இருக்கலாம். வேகக்காரர்களான லயோலாவுக்கு இது பெருஞ் சோதனை. பாதி ஆட்டத்தில் 26-க்கு 19. மிட்சல் தம் ஐந்தாவது தவறைச் செய்து களத்தை விட்டு வெளியேறியபின் மிஸிஸிப்பியின் கை தளர்ந்தது. முடிவு: லயோலா 61, மிஸிஸிப்பி ஸ்டேட் 51. மறுநாள் மூன்றாம் ஸ்தானத்துக்காக மிஸிஸிப்பியார் பௌலிங் கிரீன் கோஷ்டியுடன் ஆடி 65-க்கு 60 என்று வென்றார்கள். அதன் பெரும் புலியான நேட் தர்மண்டும் கறுப்பரே. அந்தப் பருவத்தில் லயோலாவை முதன்முதல் தோற்கடித்ததும் அதே பௌலிங் கிரீன்தான். வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் மிஸிஸிப்பிப் பையன்கள் எதை இழந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பையன்களை வர்ண பேதத்தை ஒழிக்கப் புறப்பட்ட வீரர்களாக வர்ணிப்பது பொருந்தாது. ஆட வேண்டும், நாட்டிலேயே சிறந்தவர்களோடு மோதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே அவர்களுக்கு இருந்தது. அந்தச் சிறிய, நியாயமான ஆசை ஓர் அநியாயத்தின் மேல் போய் இடித்தது, அவர்கள் பின்வாங்கவில்லை. வேறொன்றும் மறக்கத்தக்கதன்று: அவர்கள் பயந்தது பட்டம் போய்விடுமே என்று; ஹார்க்னஸும் நண்பர்களும் பயந்தது உயிருக்கு.

லயோலா மேலும் முன்னேறி, மார்ச்சு 23-ஆம் தேதி லூயிவில் நகரில் இறுதிப் பந்தயத்தில் சின்சினாட்டியைச் சந்தித்தது. முந்திய இரண்டு வருஷமும் பட்டம் பெற்ற கோஷ்டி அது. தொடக்கத்தில் களமிறங்கிய பதின்மரில் எழுவர் கறுப்பர். பிற்பாதியில் லயோலா 15 புள்ளிகள் பின்தங்கி, எழுந்திருக்காது என்ற நிலைக்கு வந்துவிட்டது. பிறகு பந்தைப் பறித்துப் பறித்து நெருங்கி, கடைசி நொடிகளில் ஹார்க்னஸ் போட்ட பந்தால் 54-54 என்று சமமாயிற்று. மேலதிகமாகக் கொடுத்த ஐந்து நிமிஷமும் முடியுந் தறுவாயில் ஹண்டர் எறிந்த பந்து கூடையில் பட்டுத் திரும்ப, ரவுஸ் எம்பிப் பிடித்து உள்ளே தள்ளினார். 60-58. மாற்று ஆட்டக்காரர் ஒருவரையும் இறக்காமல் அந்த ஐவரே 45 நிமிஷமும் ஆடி முடித்தார்கள்.

மிஸிஸிப்பி ராஜ்யம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1963 ஜூன் 12-ஆம் தேதி ஜாக்ஸன் நகரில் கறுப்பர் உரிமைக்குப் பாடுபட்ட மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டு மாண்டார். ஆனால் அந்த எழுதாத சட்டம் மறுபடி தலை தூக்கவில்லை. 1965-ல் ரிச்சர்டு ஹோம்ஸ் என்ற கறுப்பு மாணவர் மிஸிஸிப்பி ஸ்டேட் சர்வகலாசாலையில் பிரவேசித்தார். ஆக்ஸ்போர்டில் நடந்ததுபோல் கலகம் ஏதும் அங்கே விளையவில்லை. அதே வருஷம் கோல்டு தம் பழைய கோஷ்டிக்கே பயிற்சியாளரானார்.

கோல்டும் ஹார்க்னஸும் பிற்காலத்தில் சிநேகிதர்களானார்கள். 2011-ல் கோல்டு காலமானபொழுது ஹார்க்னஸ் நெடுந்தூரம் பிரயாணம் செய்து இறுதிச் சடங்குக்குச் சென்றார். சவப்பெட்டியின் அருகே குடும்பத்தார் ஒரு படம் வைத்திருந்தார்கள். 1963-ல் இருவரும் கை குலுக்கிய படம் அது.